ஒடியற்கூழ் முறையில் ஒரு பேய்ப்படம்

கூழ் காய்ச்சுகிற நாளில் சாமான் பட்டியலை வீட்டுக்காரர் எழுதுவதில்லை, சந்தைதான் எழுதும். யாழ்ப்பாணம் கொக்குவிலில் காலையில் பையோடு வெளிக்கிடுகிறவருக்கு அன்று என்ன மீன் அகப்படும் என்பது கடலுக்குத்தான் வெளிச்சம். நண்டு மலிந்தால் நண்டு, இல்லாவிட்டால் இறால். இரண்டும் நெருப்பு விலை என்றால் நாலு சின்ன மீனும் பெரிய மீனொன்றின் தலையும். மரவள்ளி வளவுக்குள் நிற்கும், முருங்கை வேலியில் நிற்கும், பலாக்கொட்டை குசினி மூலையில் கிடக்கும், பனங்கிழங்கில் செய்த ஒடியல் மா போத்தலில் இருக்கும். பானை ஒன்று, அடுப்பு ஒன்று, குடிக்கப் பத்துப் பேர். இதற்குள் என்ன செய்யலாம் என்று யாரோ ஒரு கிழவி எந்தக் காலத்திலோ யோசித்துக் கண்டுபிடித்த விடைதான் கூழ்.

காசில்லாமல் எடுக்கப்படும் முதற்படம் எப்படி இயங்குகிறது என்று கேட்பவருக்கு நான் இந்தப் பானையைத்தான் காட்டுவேன். பிரித்துப் பார்க்க எடுத்துக்கொண்டிருப்பது கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’. இன்று அவர் பெரிய ஆள். ‘பேட்ட’யில் ரஜினிகாந்தை இயக்கியவர். ‘ஜகமே தந்திரம்’ படத்தில் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்த ஈழத்து ஆக்களின் கதையைக் கையில் எடுத்து, அதை அவர் சொன்ன விதம் சரியா பிழையா என்று எங்களைக் கதைக்க வைத்தவர். ஆனால் 2012 ஒக்டோபரில் ‘பீட்சா’ வெளிவந்தபோது அவர் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு மதுரைப் பெடியன், அவ்வளவுதான். படத்தின் செலவு ஒன்றரைக் கோடி இந்திய ரூபா அளவில் என்று அப்போது செய்திகளில் வந்தது. எங்களுக்கு அது மலைப்பான தொகை. கோடம்பாக்கத்தில் ஒரு பெரிய நடிகரின் சம்பளத்தில் அது மூலைக்குக் காணாது.

அவரும் கையிலுள்ள சாமானைப் பாராமல் மறுவளமாகத்தான் தொடங்கினார். முதலில் எழுதி வைத்திருந்த கதை ‘ஜிகர்தண்டா’. மதுரை ரவுடி ஒருவன், அவனுடைய கூட்டம், துப்பாக்கிகள், ஊர் நிறைய ஆட்கள் என்று அது நிறையக் கேட்கிற கதை. புது இயக்குநரை நம்பி அவ்வளவு காசைக் கொட்ட ஒரு தயாரிப்பாளரும் வரவில்லை. இந்த இடத்தில் அநேகமானோர் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். கதையைக் கையில் பிடித்தபடி வருடக்கணக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்குவார்கள். அல்லது அதே கதையைச் சுருக்கி, ஐம்பது ரவுடி இருந்த இடத்தில் ஐந்து ரவுடியை நிறுத்தி, பார்ப்பவர் பரிதாபப்படும்படி எடுத்து முடிப்பார்கள். கார்த்திக் அந்தக் கதையை அப்படியே எடுத்து வைத்துவிட்டுக் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்து வேறொன்றை எழுதினார்.

என்ன இருந்தது? படத்தைப் பார்த்தே கணக்கெடுக்கலாம். ஒரு பங்களா. ஒரு பீட்சாக் கடை. ஒரு சின்ன வாடகை வீடு. ஒரு ரோச் லைற். முகத்தில் பயத்தைக் கொண்டுவரத் தெரிந்த ஒரு நடிகர். இவ்வளவுதான் சாமான். இவற்றைத் தாண்டி எதையும் கேட்காத கதை எது? இரவில் பீட்சா கொண்டுபோகிற பையன் ஒருவன் ஒரு பங்களாவுக்குள் அகப்பட்டுக்கொள்கிறான்.

எழுத உட்காரும் முன்பே பட்டியல் போடுகிற இந்த வழிக்கு உலகப் பெயர் பெற்ற முன்னோடி ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரொபேர்ட் ரொட்ரிகஸ். எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் அகூஞா என்ற சின்ன நகரத்தில், தன்னிடமும் சிநேகிதன் கார்லோஸ் கல்லார்டோவிடமும் என்னென்ன உண்டு என்று எண்ணிப் பார்த்தார். ஒரு பண்ணை, ஒரு பஸ், மதுக்கடை, ஒரு நாய், ஓர் ஆமை, ஒரு கிற்றார்ப் பெட்டி. இவையெல்லாம் வந்துபோகிற மாதிரிக் கதை எழுதி 1992ல் ‘எல் மரியாச்சி’ என்ற படத்தைத் தந்தார். செலவு ஏழாயிரம் டொலர் அளவு. அதில் ஒரு பகுதி, புதுமருந்துப் பரிசோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்து உழைத்த காசு. ஆமை ஏன் தெருவைக் கடக்கிறது என்று அந்தப் படத்தில் ஒருவரும் கேட்பதில்லை. ஆமை இருந்தது, கடந்தது.

பானைக்குள் எது முந்தி, எது பிந்தி

கூழில் எல்லாம் ஒரே பானைக்குள் விழுகின்றன என்றாலும் ஒரே நேரத்தில் விழுவதில்லை. கைப்பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய் என்று அவியச் சுணங்குகிறவை முதலில். மீனும் நண்டும் பிறகு. புளிக்கரைசலும் அரைத்த செத்தல் மிளகாயும் ஒடியல் மாவும் கடைசியில். மாவை முந்திப் போட்டால் அடிப்பிடிக்கும். பலாக்கொட்டையைப் பிந்திப் போட்டால் பல்லுத்தான் உடையும்.

படத்தில் அவியச் சுணங்குவது மனிதர்கள். ‘பீட்சா’வுக்கு அந்த வேலை இரண்டு மூன்று வருடம் முந்தியே தொடங்கிவிட்டது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ என்றொரு குறும்படப் போட்டி நடந்தது. நலன் குமரசாமி, பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்திரன் என்று பின்னால் பெயரெடுத்த ஒரு கூட்டமே அதில் கையைச் சுட்டுப் பழகியது. கார்த்திக்கின் ‘காட்சிப்பிழை’, ‘பெட்டி கேஸ்’, ‘நீர்’ போன்ற குறும்படங்கள் அந்தக் காலத்தவை. விஜய் சேதுபதியும் பொபி சிம்ஹாவும் அப்போதே அவரோடு சுற்றியவர்கள். விஜய் சேதுபதி ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தில் கதாநாயகனாக வந்துவிட்டவர்தான், ஆனாலும் அவரை வைத்து வியாபாரம் பேசுகிற நிலை அன்று இல்லை. இந்த முகம் எந்தக் கோணத்தில் என்ன செய்யும், எவ்வளவு நேரம் வசனமில்லாமல் தாங்கும் என்பது இயக்குநருக்குப் படப்பிடிப்புக்கு முதலே தெரிந்திருந்தது. பெரிய படத்தில் இதைப் படப்பிடிப்பு நாட்களில் காசு கொடுத்துக் கண்டுபிடிப்பார்கள். சின்னப் படத்தில் அதற்கு வழியில்லை.

குறும்படங்களை முழுநீளப் படத்துக்கான விசிட்டிங் கார்ட் என்று மட்டும் நினைப்பவர்களோடு எனக்கு இங்கேதான் உடன்பாடில்லை. போட்டியில் வென்றாரா தோற்றாரா என்பது பெரிய காரியமில்லை. ஒருவருடைய வேகம் மற்றவருக்குப் பழகிய ஒரு குழு அந்தக் காலத்தில் வெந்து தயாரானது. அதுதான் உண்மையான வரவு.

இருட்டு செய்கிற வேலை

இனி பங்களாவுக்குள் போவோம். விஜய் சேதுபதி நடிக்கிற மைக்கேல் பீட்சாவோடு வருகிறான். வீட்டுக்காரி மிச்சக் காசு எடுக்க மேல்மாடிக்குப் போகிறாள். மின்சாரம் நிற்கிறது. அதன் பிறகு ஒரு நீண்ட பகுதி முழுவதும் அவன் கையிலிருக்கும் ரோச் லைற்றின் வட்டத்துக்குள்தான் நடக்கிறது.

இந்த ரோச் லைற் ஒரே நேரத்தில் எத்தனை பேரின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறது என்று பாருங்கள். வெளிச்சம் விழாத இடத்தைச் சோடிக்கத் தேவையில்லை. ஆகவே கலை இயக்குநரின் செலவு சுவரளவிலிருந்து வட்டமளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆறு அறை இருக்கிறதென்று பார்ப்பவர் நம்புவார், இரண்டு அறை இருந்தால் போதும். பார்வையை எங்கே திருப்புவது என்பதற்குத் தனியாக வெட்டுகளும் கோணங்களும் வேண்டாம், நடிகரின் மணிக்கட்டே திருப்பிவிடும். கமராவுக்குத் தேவையான மெல்லிய வெளிச்சத்தை ஒளிப்பதிவாளர் கோபி அமர்நாத் வேறு வழியில் கொடுத்திருப்பார், அது வேறு விஷயம். பார்க்கிறவருக்கு எல்லா வெளிச்சமும் அந்தக் கையிலிருந்துதான் வருகிறது. அதனால் கை நடுங்கினால் உலகமே நடுங்குகிறது. பேயைக் காட்டத்தான் கணினி வரைகலைக்குக் காசு தேவை. பேய் இருக்கக்கூடிய இடத்தைக் காட்ட ஒரு சோடிப் பற்றறி காணும்.

எங்கள் ஊரில் இந்தப் பகுதியைப் பார்த்தவர்களில் நாற்பது தாண்டியவர்கள் சற்று வேறு மாதிரிப் பயந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். போர்க்காலமான தொண்ணூறுகளில் குடாநாட்டில் பெரும்பாலும் மின்சாரம் இல்லை. ரோச் லைற் பற்றறியே தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு எரித்த விளக்கில் படித்தவர்களுக்கு, வெளிச்சம் முடிகிற இடத்தில் என்ன நிற்கிறது என்ற கேள்வியை இயக்குநர் சொல்லித்தரத் தேவையில்லை. சென்னைத் திரையரங்கில் அது பேய்ப்படத்தின் உத்தி. இங்கே அது கொஞ்சம் பழக்கப்பட்ட சங்கதி.

இருட்டில் கண்ணுக்கு வேலை குறைந்தவுடன் காது விழிக்கும். கதவுக் கிறீச்சு, மேல்மாடியில் ஒரு காலடி, பிறகு நீண்ட அமைதி. சந்தோஷ் நாராயணனுக்கு அப்போதுதான் ‘அட்டகத்தி’ வெளிவந்து இரண்டு மாதம். அவருடைய இசை இந்த இருட்டுக்குள் எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்து சும்மா இருக்கிறது. ஒரு காட்சியைப் படமாகக் காட்டுவதைவிட ஒலியாகக் காட்டுவது எப்போதும் மலிவு. மலிவான வழியே பயமான வழியாகவும் அமைகிற அதிர்ஷ்டம் பேய்ப்படத்துக்கு உண்டு. சரித்திரப்படம் எடுக்கிறவருக்கு அது இல்லை.

கசப்பை என்ன செய்வது

ஒடியல் மாவில் ஒரு கசப்பு உண்டு. அதற்காக மாவை நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அடியில் படிய விட்டு, மேலே தெளிந்த நீரை வடித்து, மறுபடி நீர் விட்டு, மறுபடி வடிப்பார்கள். அவசரக்காரர் ஒருதரத்தோடு நிறுத்துவார்; குடிப்பவர் முகம் சுளிப்பார். பதம் தெரிந்தவரும் கசப்பை முற்றாகக் கழுவித் தள்ளுவதில்லை. ஒரு சொட்டுக் கசப்பு நின்றால்தான் புளியும் உறைப்பும் எழும்பும், கூழ் கூழாக இருக்கும்.

சின்னப் படத்தின் கசப்பு அதன் இல்லாமை. ஆட்கள் காணாது, இடம் காணாது, பேய் அசல் பேயாக இல்லை. பார்ப்பவர் இதைக் கண்டுபிடித்தவுடன் ‘பாவம், காசில்லை’ என்று நினைத்துவிட்டால் படம் முடிந்தது. ‘பீட்சா’ இதை எப்படி ஊறவைத்து வடித்தது என்பதுதான் அந்தப் படத்தின் கெட்டித்தனம். படம் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, முடிவைச் சொன்னால் கோவிக்கமாட்டீர்கள்.

கடை முதலாளி தன் வீட்டில் கொடுக்கச் சொன்ன பைக்குள் வைரங்கள் இருப்பதை மைக்கேல் தற்செயலாகக் கண்டுபிடிக்கிறான். அவனும், பேய்க்கதை எழுதுவதில் ஆர்வமுள்ள அவன் துணைவி அனுவும் சேர்ந்து அதை அமுக்கத் திட்டம் போடுகிறார்கள். அந்தத் திட்டந்தான் பங்களா. அங்கே பேய் பிடித்துக்கொண்டது, பை உள்ளே கிடக்கிறது, அனுவைக் காணவில்லை என்று மைக்கேல் கடைக்காரர்களுக்கு அளந்த கதையைத்தான் நாங்கள் அவ்வளவு நேரம் வாய் பிளந்து பார்த்திருக்கிறோம். முதலாளியின் மகளுக்குப் பேய் பிடித்திருப்பதாக வீட்டில் நம்புவதால் அவரும் இந்தக் கதையை நம்பிவிடுகிறார்.

இந்தத் திருப்பத்தைச் சாமர்த்தியமான முடிவு என்று பாராட்டிவிட்டுப் போகிறவர்கள் அதன் மற்ற வேலையைக் கவனிப்பதில்லை. பங்களாவில் பேய் கொஞ்சம் நாடகத்தனமாக இருந்ததா? இருக்கும், ஒருவன் புளுகிய கதைதானே. ஆட்கள் தேவைப்பட்ட நேரத்தில் வந்து, தேவை முடிந்ததும் செத்தார்களா? கதை கட்டுகிறவன் அப்படித்தான் கட்டுவான். காசில்லாததால் வந்த ஒவ்வொரு குறைக்கும் கதைக்குள்ளேயே ஒரு காரணம் பின்னால் வந்து சேர்ந்துவிடுகிறது. அதோடு விஜய் சேதுபதியின் நடிப்பும் இரண்டாம் தரம் பார்க்கையில் வேறாகிவிடும். பயந்தவனாக நடித்தவர் என்று நினைத்தோம். பயந்தவனாக நடிக்கிறவனாக நடித்திருக்கிறார். ஒரே காட்சிக்கு இரண்டு விலை. கடைசியில் மைக்கேல் இன்னொரு வீட்டுக்குப் பீட்சா கொண்டுபோய், அங்கே உண்மையாகவே எதுவோ இருக்கிறது என்று படம் முடிகிறதே, அதுதான் வடிக்காமல் விட்ட அந்தக் கடைசிச் சொட்டு. எனக்கு அந்த முடிவில் முழுத் திருப்தி இல்லை. ஆனால் அரங்கை விட்டு வெளியே வருகிறவருக்கு ‘எல்லாம் புளுகு’ என்ற நிம்மதியைக் கொடுக்கக் கூடாது என்று இயக்குநர் நினைத்ததை விளங்கிக்கொள்ளலாம்.

ரொட்ரிகஸிடம் திரும்பிப் போனால் இதே சூட்சுமம் ஒலியில் நடக்கிறது. அவர் கடன் வாங்கிய 16 மில்லிமீற்றர்க் கமரா பெரிய சத்தம் போடும். படமும் குரலும் ஒன்றாகப் பதிய வழியில்லை. ஒரு ஷொட் எடுத்து முடிந்ததும் கமராவை நிற்பாட்டிவிட்டு, அதே நடிகரை அதே வசனத்தை மறுபடி சொல்லவைத்துச் சாதாரண ரெக்கோடரில் பதிந்தார். பிறகு இரண்டையும் ஒட்டினால் சில சொற்களுக்கு உதடும் குரலும் ஒத்துப்போகும், பிறகு பிசகிவிடும். பிசகுகிற இடத்தில் நாயின் முகத்துக்கோ மற்ற நடிகரின் முகத்துக்கோ வெட்டிவிட்டார். முழுப் படமும் படபடவென்று வெட்டுகளால் நிறைந்தது. விமர்சகர்கள் அதை இளமைத் துடிப்பான பாணி என்றார்கள். பாதியளவாவது உதடு பிசகியதன் பலன் அது. கொலம்பியா நிறுவனம் படத்தை வாங்கியது, அந்தப் பாணியோடு சேர்த்து.

விறகுக் கணக்கு

கிறிஸ்டோபர் நோலனின் முதற்படம் ‘ஃபாலோயிங்’. 1998ல் வந்தது, கறுப்பு வெள்ளை, எழுபது நிமிடம்தான். ஆறாயிரம் டொலர் அளவில் எடுத்த படம் என்று சொல்வார்கள். இன்று அவர் ஒரு காட்சிக்கு உண்மையான விமானத்தைக் கொண்டுபோய்க் கட்டடத்தில் மோதுகிற ஆள் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் சிரிப்பு வரும். அவருக்குப் பிரச்சினை விறகு, அதாவது பிலிம். 16 மில்லிமீற்றரில் நானூறு அடிச் சுருள் ஒன்று பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். வாங்கவும் காசு, கழுவவும் காசு. நடித்தவர்களும் கூடநின்றவர்களும் வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமைகளில் மட்டும் கூடுவார்கள். அப்படியே ஒரு வருடம் போனது. வீடுகள் சிநேகிதருடையவை, உறவினருடையவை. வெளிச்சம் பெரும்பாலும் யன்னல் கொடுத்தது. கமராவைப் பிடித்ததும் நோலனே.

அடுப்பு மூட்டமுதல் எல்லாவற்றையும் நறுக்கி வைத்துக்கொள்கிற வீட்டில் விறகு குறைவாகத்தான் செலவாகும். நோலனின் குழு மேடை நாடகத்துக்குப் போல ஒத்திகை பார்த்துப் பார்த்து, கமரா ஓடத் தொடங்கும்போது முதலாம் அல்லது இரண்டாம் தடவையிலேயே காட்சி முடிகிற நிலைக்கு வந்துவிட்டது. இது பிலிமை மிச்சம் பிடித்தது. ஒரு வருட இடைவெளியை என்ன செய்வது? ஆளின் தலைமயிர் வளரும், முகம் மாறும், பருவம் மாறும். ‘ஃபாலோயிங்’ காலத்தை முன்பின்னாகக் கலைத்துப் போட்டுச் சொல்கிற படம். கதாநாயகன் ஓரிடத்தில் பரட்டைத் தலையோடு, இன்னோரிடத்தில் கோட்டு அணிந்து முடி திருத்தி, மற்றோரிடத்தில் அடி வாங்கி வீங்கிய முகத்தோடு. இந்த மூன்று தோற்றங்களும்தான் எந்தக் காட்சி முந்தி, எது பிந்தி என்று எங்களுக்கு வழிகாட்டுகின்றன. காலத்தைக் கலைத்தது கதைக்காகச் செய்த முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அப்படிக் கலைத்த ஒரு படம் ஒரு வருடச் சனிக்கிழமைகளின் தையல் தழும்புகளை நேர்க்கோட்டில் போகிற படத்தைவிடச் சுலபமாக மறைக்கும் என்பதிலும் இல்லை.

இன்றைக்குப் பிலிம் இல்லை, கைபேசியில் மணிக்கணக்காக எடுக்கலாம், ஆகவே விறகுக் கணக்கே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் குறும்படம் எடுக்கிற பெடியங்களிடம் இதைக் காண்கிறேன். அண்மையில் ஒரு தம்பி வந்து, “அண்ணை, எல்லாம் ரெடி. ட்ரோன் ஒண்டுக்குத்தான் காசு பாத்துக்கொண்டிருக்கிறம்” என்றார்.

“கதை என்ன, தம்பி?”

“ஒரு அறைக்குள்ளை ரெண்டு பேர் கதைக்கினம்.”

ட்ரோனுக்குச் செலவழிக்கிற காசில் ஒரு நல்ல மைக் வாடகைக்கு எடுக்கலாம் என்று சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. இப்போது மெமரி கார்டுக்குப் பெரிய செலவில்லை என்பது உண்மை. எரிகிற விறகு வேறு. ஐந்து பேர் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நிற்கிறார்கள், அவர்களுக்குச் சாப்பாடு, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல், நாலு மணிக்குப் பிறகு இறங்குகிற வெயில். பதினைந்து தரம் எடுத்தால் பதினைந்தாவதில் நடிகருக்குக் குரலே இருக்காது. பற்றாக்குறைக்கு, கே.கே.எஸ். வீதியில் பஸ் ஹோர்ன் அடிக்கும், ரயில் போகும், கோயில் திருவிழா என்றால் ஒலிபெருக்கி. ரொட்ரிகஸ் இங்கே இருந்திருந்தால் ரயில் போகிற நேரத்தைப் பார்த்து அந்தச் சத்தத்தையே வசனத்துக்கு நடுவில் வைத்திருப்பார். கதைக்கிற இரண்டு பேரும் ரயில் தாண்டும்வரை வாயை மூடிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று வைத்துப் பாருங்கள், அந்த மௌனம் எந்த ட்ரோனுக்கும் அகப்படாது.

காய்ச்சிய கூழைக் குடிக்க ஆள் வேண்டும்

யாழ்ப்பாணத்திலேயே இந்த முறைக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அதை எடுத்தவர் தமிழர் அல்லர். தர்மசேன பத்திராஜா 1974ல் ‘அஹஸ் கவ்வ’ என்ற முதற்படத்தால் சிங்கள சினிமாவில் புதுக்காற்றைக் கொண்டுவந்தவர். ஸ்ரூடியோச் சோடனைகளை விட்டுவிட்டு, கொழும்பில் வேலையற்றுத் திரிகிற இளைஞர்களின் உலகத்துக்குள் கமராவோடு இறங்கியவர். பிறகு யாழ்ப்பாணத்துக்குப் படிப்பிக்க வந்தார். இன்றைய பல்கலைக்கழகம் அப்போது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம். கொக்குவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் சைக்கிளில் போகிற தூரம். இங்கே இருந்த காலத்தில், காவலூர் ராஜதுரையின் எழுத்தில் அவர் எடுத்த தமிழ்ப்படம் ‘பொன்மணி’, 1977.

பொருள் இங்கேயே கிடந்தது: சீதனம், சாதி, வீட்டுக்குள் வயது போய்க்கொண்டிருக்கிற குமர்ப்பிள்ளைகள். கட்டிய செற்றுக்குப் பதில் அசல் வீடும் ஒழுங்கையும் வேலியும். தென்னிந்தியப் படத்தின் பேச்சு எங்கள் வாயில் ஏறியிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தார் யாழ்ப்பாணத்தார் மாதிரியே கதைத்தார்கள், நிறைய நேரம் கதைக்காமலும் இருந்தார்கள். மூத்தவள் சீதனத்தால் கரையேறாமல் இருக்கிற வீட்டில் இளையவள் சாதிக்கு வெளியே காதலித்துப் போகிறாள், அதற்கு உயிரை விலையாகக் கொடுக்கிறாள். சத்தமில்லாத படம். வீட்டுக்குள் இருக்கிற இறுக்கத்தைக் காட்ட அவர் செலவழித்ததெல்லாம் பொறுமையைத்தான்.

படம் ஓடவில்லை. எம்.ஜி.ஆர் படத்துக்குப் பழகிய அரங்கில் பாட்டும் சண்டையும் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து போட்டால் என்ன நடக்குமோ அது நடந்தது. பிறகு அது திரைப்பட விழாக்களிலும் ஆய்வுகளிலும் மரியாதை பெற்றது. 2018ல் பத்திராஜா காலமானபோது எழுதியவர்களில் பலர் ‘பொன்மணி’யை மறக்காமல் சொன்னார்கள். ஆனால் அரங்கில் கிடைக்காத காசை அஞ்சலிக் குறிப்பு தராது. பட்டியல் சரி, பானை சரி, பதம் சரி. குடிக்க ஆட்களைக் கூட்டிவருகிற வேலைதான் நடக்கவில்லை. இதைப் படைப்பின் தோல்வி என்று நான் எண்ணவில்லை. இலங்கைத் தமிழ்ப்படத்துக்கு அன்றும் பெரிதாக விநியோகம் என்று ஒன்றில்லை, இன்றும் இல்லை. இந்தியப் படம் வந்திறங்குகிற அதே அரங்கில் அதே டிக்கெட் விலைக்குத்தான் எங்கள் படமும் நிற்க வேண்டும்.

‘பீட்சா’வுக்கு இந்த இடத்தில் கொடுப்பினை இருந்தது. அதைத் தயாரித்த சி.வி. குமார் அதே 2012ல் பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’யைத் தயாரித்தவர். அடுத்த வருடம் நலன் குமரசாமியின் ‘சூது கவ்வும்’. புதியவர், சின்னச் செலவு, புதுக் கதை என்று ஒரு வரிசையாகவே படங்கள் வந்ததால், ‘இந்த மாதிரிப் படம்’ என்று ஒன்று இருப்பது பார்வையாளருக்குப் பழகிவிட்டது. ‘பொன்மணி’க்கு முன்னாலும் பின்னாலும் அப்படி வரிசை இல்லை, ஒற்றையாய் நின்றது. ‘பீட்சா’ கன்னடம், ஹிந்தி, வங்காளம் என்று வேறு மொழிகளுக்கும் போனது. பங்களாவும் ரோச் லைற்றும் எந்த ஊரிலும் கிடைக்கிற சாமான்தானே.

எடுத்து வைத்த கதை 2014ல் படமாக வந்தது. ‘ஜிகர்தண்டா’வில் ரவுடியாக நடிக்க கார்த்திக் புதிதாக ஆள் தேடவில்லை, குறும்படக் காலத்து பொபி சிம்ஹாவையே போட்டார், அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. ‘பீட்சா’வில் கடை முதலாளியாக வந்த ஆடுகளம் நரேன் இதில் தயாரிப்பாளராக வருகிறார். படத்தின் தொடக்கத்திலேயே ஒரு தொலைக்காட்சிக் குறும்படப் போட்டி. கார்த்திக் என்ற பெயருடைய இளம் இயக்குநரின் படத்தை நடுவர்களில் ஒருவரான நாசர் கிழி கிழியென்று கிழிக்கிறார். பக்கத்தில் இருக்கிற நரேன் கோபித்துக்கொண்டு, இவனுக்கு நான் படம் தருகிறேன் என்கிறார். பிறகு அவரே, ரத்தம் தெறிக்கிற ரவுடிக் கதையாகக் கொண்டுவா என்று அந்தப் பையனை மதுரைக்குப் போகவைக்கிறார்.